பூச்சிமருந்துக் கடைக்குப் போகுமுன்: செட்டிநாட்டுச் செம்மண்ணில் இயற்கை வழிக்கு மாற ஒரு வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் தாத்தா காலத்து நிலம் கிடக்கிறது. சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்தது போதும், ஊருக்கு வந்து விஷமில்லாமல் வெள்ளாமை பார்க்கலாம் என்று கிளம்பி வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படி வந்தவன்தான். வந்த புதிதில் ஒருவர் பஞ்சகவ்யா என்றார், இன்னொருவர் வேப்பெண்ணெய் என்றார், டீக்கடையில் ஒரு பெரியவர் "எல்லாம் ஒரு வருஷத்துக்குத்தான் தம்பி, மறுவருஷம் நீயே யூரியா மூட்டை தூக்க வருவே" என்றார். அத்தனை பேரும் கார்த்திகையில் என்ன தெளிப்பது என்றுதான் பேசினார்கள். சித்திரையில் என்ன செய்ய வேண்டும் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நம் செம்மண்ணில் பூச்சியைக் கட்டுப்படுத்தும் வேலையில் முக்கால்வாசி, விதை மண்ணில் விழுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். அதில் பல வேலைகளுக்குத் தேதி தவறினால் பின்னால் காசு கொடுத்தும் ஈடுகட்ட முடியாது. அதனால் கீழே உள்ளதை மாத வரிசையிலேயே வைத்திருக்கிறேன். கண்மாய்ப் பாசன நெல், ஆடிப்பட்டத்து நிலக்கடலை, வரப்பில் கொஞ்சம் பயறு என்று இந்தப் பக்கம் வழக்கமாகப் போடுவதை மனதில் வைத்துச் சொல்கிறேன். தென்னை வைத்திருப்பவர்கள் தேவையானதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. தை, மாசி: காகிதத்தை முதலில் எடுங்கள்

மண்ணைக் காப்பாற்றுவதற்கும் பட்டாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பசுந்தாள் (மண்ணிலேயே மடக்கி உழும் உரப்பயிர்) விதை மானியம், கண்மாய் வண்டல், அங்ககச் (ஆர்கானிக்) சான்று எல்லாவற்றுக்கும் முதலில் கேட்பது சிட்டா, அதாவது நிலம் யார் பெயரில் என்று காட்டும் வருவாய்த்துறைப் பதிவு. அது உங்கள் பெயரில் இல்லை என்றால் மற்ற எதுவும் நகராது.

நம் பக்கத்தில் இதுதான் பெரிய முடிச்சு. நிலம் கூட்டுப்பட்டாவில் இருக்கும். பட்டாவில் உள்ள ஐயா காலமாகிப் பல வருஷம் ஆகியிருக்கும். பங்காளிகளில் ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் பெங்களூரில், ஒருவரோடு பேச்சுவார்த்தையே கிடையாது. விதைப்புக்கு ஒரு மாதம் முன்னால் இதைத் தொடங்கினால் அந்த வருஷம் அவ்வளவுதான். உட்பிரிவு இல்லாமல் பெயர் மாற்றுவது ஒரு வேலை. பங்கு பிரித்து உட்பிரிவு செய்வது வேறு வேலை. இரண்டாவதற்கு நில அளவர் வந்து அளக்க வேண்டும், கட்டணமும் உண்டு, நாளும் பிடிக்கும். பங்காளிகள் ஊருக்கு வருவது பொங்கலுக்கும் கோயில் படைப்புக்கும்தான் என்பதால் தையிலேயே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

பட்டா, சிட்டா நகலை அரசின் இணையதளத்திலிருந்து நீங்களே இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். இதற்காக யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம். எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் கிராமக் கணக்கான அடங்கலை மட்டும் நன்றாகப் பாருங்கள். பல வருஷம் சும்மா கிடந்த நிலத்துக்கு 'தரிசு' என்றே எழுதிக்கொண்டு வந்திருப்பார்கள். நீங்கள் பயிர் வைத்ததும் கிராம நிர்வாக அலுவலரை வயலுக்குக் கூப்பிட்டுக் காட்டி, அடங்கலில் பயிரை ஏற்றச் சொல்லுங்கள். பயிர் இழப்பீடு, காப்பீடு என்று வரும்போது இந்த ஒரு வரிதான் பேசும்.

இரண்டரை ஏக்கர் வரை குறு விவசாயி, ஐந்து ஏக்கர் வரை சிறு விவசாயி. அதற்கான சான்றிதழை இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். விவசாயிகளுக்கான தனி அடையாள எண்ணும் இப்போது கேட்கிறார்கள். பதிவு இலவசம்; ஆதாரோடு இணைந்த கைப்பேசி எண் கையில் இருக்க வேண்டும். வெளிநாட்டில் இருந்து வந்தவர்களுக்குப் பழைய எண் செத்துப்போயிருக்கும், அதை முதலில் மாற்றுங்கள். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், சிறு குறு விவசாயி சான்று, பாஸ்போர்ட் அளவு புகைப்படம் எல்லாவற்றிலும் பல நகல் எடுத்து ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அலுவலகத்தில் ஒரு நகல் குறைந்ததற்காக, ஜெராக்ஸ் கடை எதிரிலேயே இருந்தும், "திங்கட்கிழமை வாங்க" என்று என்னை அனுப்பியிருக்கிறார்கள்.

சொந்த நிலம் இல்லாமல் குத்தகைக்கு எடுப்பவர்கள் ஒரு வருஷ வாய்ப்பேச்சில் இறங்காதீர்கள். இந்த மண் தேறுவதற்குக் குறைந்தது மூன்று வருஷம் வேண்டும். நீங்கள் எருவும் வண்டலும் போட்டு ஏற்றிய மண்ணை நிலத்துக்காரர் நாலாம் மாதம் வேறொருவருக்கு விட்டுவிட்டால் கேட்க நாதியில்லை. எழுதி வாங்குங்கள்.

2. மாசி, பங்குனி: மண் மாதிரி

அறுப்பு முடிந்து, எருவோ உரமோ போடுவதற்கு முன்னால் மாதிரி எடுக்க வேண்டும். வரப்போரம், மரத்தடி, எருக்குவியல் இருந்த இடம், வாய்க்கால் ஓரம் எல்லாம் விலக்கு. வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பத்துப் பதினைந்து இடம் பாருங்கள். மேலே கிடக்கும் தாளையும் சருகையும் கையால் ஒதுக்குங்கள். செதுக்காதீர்கள், செதுக்கினால் மேல்மண்ணும் போய்விடும். மண்வெட்டியால் ஆங்கில 'வி' எழுத்துப் போல அரை அடி ஆழம் வெட்டி, வெட்டிய மண்ணை எடுத்துவிட்டு, குழியின் இரண்டு பக்கச் சுவரையும் மேலிருந்து கீழ்வரை ஒரு விரல் கனத்துக்குச் சீவி எடுங்கள். எல்லா இடத்து மண்ணையும் ஒரு சாக்கில் கொட்டிக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பகுதி இரண்டைத் தள்ளிவிடுங்கள். அரைக் கிலோ மிஞ்சும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள். நிழலில் உலர்த்தித் துணிப்பையில் போட்டு, பெயர், ஊர், சர்வே எண், முன்பு வைத்த பயிர், அடுத்து வைக்கப்போகும் பயிர் எழுதிய சீட்டை உள்ளே வையுங்கள். யூரியாச் சாக்கில் மண்ணைக் கலக்கினால் அந்த யூரியாதான் முடிவில் வரும், ஜாக்கிரதை.

சிவகங்கையில் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையம் இருக்கிறது. குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேட்டுப் பார்க்கலாம். துறை நிலையத்தில் கட்டணம் சில பத்து ரூபாய்தான். காரைக்குடிப் பக்கத்துக்காரர்கள் சாக்கோட்டை வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கொடுத்தாலும் அனுப்பிவைப்பார்கள். ஆனால் விதைப்பு நேரத்தில் கொடுத்தால் முடிவு வருவதற்குள் பயிர் முளைத்துவிடும்.

மண்வள அட்டை கைக்கு வந்ததும் இரண்டு எண்ணைத் தேடுங்கள். ஒன்று அங்ககக் கரிமம். 0.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் குறைவு, 0.75க்கு மேல் என்றால் நன்று. நம் பக்கத்தில் குறைவு என்று வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். இன்னொன்று கார அமில நிலை (pH). செட்டிநாட்டுச் செம்பொறை மண் பல இடங்களில் அமிலப் பக்கம் சாய்ந்திருக்கும். அப்படிப்பட்ட மண்ணில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) கட்டுண்டு போகும், போட்டாலும் பயிருக்கு எட்டாது. புதுவயல் அரிசி ஆலைகளில் உமிச் சாம்பல் மலையாகக் கிடக்கிறது. அதை வண்டி வண்டியாக அடிக்கச் சொல்லி யோசனை சொல்பவர்கள் உண்டு. சாம்பல் காரத்தன்மை உள்ளது. அமில மண்ணுக்கு அளவோடு போட்டால் உதவும், அட்டையில் எண் ஏழரையைத் தாண்டியிருந்தால் தொடவே வேண்டாம்.

3. பங்குனி, சித்திரை: கிடையும் கோடை உழவும்

"ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறுவருஷம்" என்று சும்மா சொல்லவில்லை. முதல் வருஷத்திலேயே பலன் வேண்டும் என்றால் ஆட்டுக்கிடை போடுங்கள், அதாவது ராத்திரியில் ஆட்டு மந்தையை வயலில் அடைத்துவையுங்கள். அறுப்பு முடிந்ததும் ஆடு மேய்க்கும் கீதாரிகள் மந்தையோடு ஊர் ஊராக வருவார்கள். இத்தனை ஆட்டுக்கு, ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று பேசுவது வழக்கம். சிலர் காசாக, சிலர் நெல்லாகக் கேட்பார்கள், சாப்பாடும் பேச்சில் அடங்கும். மாசியிலேயே சொல்லிவைக்காவிட்டால் மந்தை வேறு ஊருக்குப் போய்விடும். பட்டியை ஒரே இடத்தில் நிறுத்தாமல் ராத்திரிக்கு ராத்திரி மாற்றிப் போடச் சொல்லுங்கள். கிடை நகர்ந்த இடத்தை உடனே லேசாக உழுதுவிட வேண்டும். வெயிலில் விட்டால் மூத்திரத்தில் உள்ள தழைச்சத்து (நைட்ரஜன்) ஆவியாகப் பறந்துவிடும்.

ஆடு சீமைக்கருவேல நெற்றைத் தின்று வந்திருக்கும். புழுக்கையோடு விதையும் விழுந்து, முதல் மழைக்கே முளைக்கும். இரண்டு இலை விடும்போதே பிடுங்குங்கள். முழங்கால் உயரம் வந்தபின் கடப்பாரைதான்.

கோடை மழை ஒன்று பெய்து மண் பதமானதும், சரிவுக்குக் குறுக்கே ஆழமாக ஓர் உழவு ஓட்டுங்கள். சரிவை ஒட்டி நீளவாக்கில் ஓட்டினால் அடுத்த மழை மேல்மண்ணை வாரிக்கொண்டு கண்மாயில் போட்டுவிடும். இந்த உழவில் கம்பளிப்புழு, புரோடீனியா (இலை தின்னும் புழு) ஆகியவற்றின் கூட்டுப்புழுக்கள் வெளியே வந்து விழும். டிராக்டர் பின்னாலேயே கொக்கும் மைனாவும் நடந்து பொறுக்குவதைப் பார்த்தால், கொடுத்த வாடகைக்கு மருந்தடித்த வேலையும் சேர்ந்து நடக்கிறது என்று புரியும். வரப்போரமும் மரத்தடியும் கலப்பைக்கு எட்டாது, கூட்டுப்புழு அதிகம் ஒளிந்திருப்பதும் அங்கேதான். மண்வெட்டியால் கொத்திவிடுங்கள்.

மாட்டெரு போடுவதானால் நன்றாக மக்கியதாக இருக்கட்டும். பச்சைச் சாணி எரு செம்மண்ணில் கரையானுக்குப் பந்தி போட்ட மாதிரி. கைப்பிடி எருவை மூக்கருகே கொண்டுபோங்கள். சாணி வாசம் வந்தால் இன்னும் நாள் இருக்கிறது, மண் வாசம் வந்தால் சரி. தென்னை நார்க்கழிவும் அப்படியே. மக்காத நார்க்கழிவு, தான் மக்குவதற்கு மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும்.

4. சித்திரை முதல் ஆனி வரை: கண்மாய் வண்டல்

செம்மண்ணுக்குத் தண்ணீர் பிடித்துவைக்கும் சக்தி குறைவு. கண்மாய் வண்டல் அதைச் சரிசெய்யும், அதுவும் அரசு அனுமதியோடு இலவசம். கண்மாய் காய்ந்திருக்கும்போதுதான் எடுக்க முடியும். அறிவிக்கப்பட்ட கண்மாய்களில் எடுக்க, தாசில்தார் அனுமதி தருகிறார். இணைய வழியிலோ இ-சேவை மையத்திலோ விண்ணப்பிக்கலாம். சிட்டா, அடங்கல், ஆதார் வேண்டும். நிலமோ வீடோ அந்தக் கண்மாய் இருக்கும் வட்டத்தில் இருக்க வேண்டும். அளவு நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர்.

மண் இலவசம், பொக்லைனும் டிராக்டரும் இலவசமில்லை. உண்மையான செலவு தூரத்தில்தான் இருக்கிறது, அதனால் பக்கத்துக் கண்மாய் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஊரில் நாலு பேர் சேர்ந்து ஒரே வாரத்தில் வண்டி ஓட்டினால் வாடகை கட்டுப்படியாகும். அனுமதிச் சீட்டின் நகல் ஒவ்வொரு வண்டியிலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மணல் வண்டி என்று மறித்து நிறுத்துவார்கள். இன்னொன்று, வண்டல் மேலே அரை அடி, ஓரடிதான். அதற்குக் கீழே சுக்காங்கல்லும் உவர்மண்ணும் வந்தால் வெட்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள். வண்டிக்காரருக்கு நடைதான் கணக்கு. நீங்கள் நின்று பார்க்காவிட்டால் சுக்கான் உங்கள் வயலில் இறங்கும்.

5. கிடைத்த மழையில்: பசுந்தாள்

கிணறோ போர்வெல்லோ இருப்பவர்கள் தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, பூவெடுக்கும் தறுவாயில், சுமார் 45 நாளில் மடக்கி உழலாம். தண்டு நார் ஏறிவிட்டால் மக்காது, ரோட்டவேட்டரிலும் சுற்றிக்கொள்ளும். முதலமைச்சரின் 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் பசுந்தாள் விதைக்குப் பாதி மானியம் கொடுத்தார்கள். விதை வட்டார மையத்துக்கு வந்த சில நாளில் தீர்ந்துவிடும். உழவன் செயலியில் பதிந்து வைத்துவிட்டு, உதவி வேளாண்மை அலுவலரிடம் நேரிலும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

வானம் பார்த்த நிலத்துக்கு என் தேர்வு கொழுஞ்சி. வறட்சி தாங்கும், ஆடுமாடு அவ்வளவாக வாய்வைக்காது, ஒருமுறை காலூன்றினால் அடுத்த வருஷம் தானாகவே முளைக்கும். விதைத்தோல் கடினம் என்பதால் கொரகொரப்பான மணலோடு சேர்த்து லேசாக இடித்து விதைத்தால்தான் ஒழுங்காக முளைப்பு வரும். புழுதி விதைப்பு நெல் போடுபவர்கள் நெல்லோடு தக்கைப்பூண்டையும் கலந்து விதைத்து, தண்ணீர் வந்தபின் ஐந்தாறு வாரத்தில் கோனோவீடரால் (தள்ளிக் களையெடுக்கும் உருளைக் கருவி) சேற்றில் மிதித்துவிடலாம்.

இயற்கை விவசாயம் பேசிய நம்மாழ்வார் ஐயா பரப்பிய பலதானிய விதைப்பும் (பல வகை விதையைக் கலந்து விதைத்து மடக்கி உழுவது) நல்லதுதான். ஆனால் இருபது வகை விதையைத் தேடிப் பையை நிரப்புவதற்குள் மழை ஈரம் போய்விடும். கையில் இருக்கும் ஏழெட்டு வகையைக் கலந்து விதையுங்கள்.

6. ஆனி, ஆடி: வேப்பங்கொட்டை பொறுக்குங்கள்

வருஷத்துக்கு ஒரு முறை, சில வாரம்தான் இந்த வாய்ப்பு. வேப்பம்பழம் உதிரும் காலத்தில் பெருக்கிக் குப்பையில் போடுவதைத்தான் கார்த்திகையில் பாட்டிலில் விலைக்கு வாங்குகிறோம். பழத்தைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிசைந்து, சதையை நீக்கிக் கழுவி, நிழலில் காயவைத்து, காற்றோட்டமாகச் சாக்கில் கட்டி வையுங்கள். பாலிதீன் பையில் கட்டினால் பூஞ்சாணம் பிடிக்கும், பூஞ்சாணம் பிடித்த கொட்டையால் பிரயோஜனமில்லை. மூன்று மாதம் முதல் எட்டு மாதம் வரையான கொட்டைதான் நல்ல வீரியம். கணக்குப்படி ஐப்பசியிலிருந்து அறுப்பு வரை சரியாக வரும். ஒரு தெளிப்புக்கு ஏக்கருக்குப் பத்துக் கிலோ பருப்பு வேண்டும். ஓடு கழிந்தால் கொட்டையில் பாதிதான் பருப்பு என்பதை வைத்துச் சேருங்கள். தெருப் பிள்ளைகளுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று சொல்லிவிட்டால் முற்றம் நிறையக் கொண்டுவந்து கொட்டுவார்கள்.

7. ஆடிப்பட்டம்: கம்பளிப்புழுவை அந்துப்பூச்சியிலேயே பிடியுங்கள்

நிலக்கடலை போடுபவர்களுக்கு இது தனியாக வேண்டும். சிவப்புக் கம்பளிப்புழு மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகப் படுத்திருந்து, நல்ல மழை பெய்த ஓரிரு நாளில் அந்துப்பூச்சியாகக் கிளம்பும். மழை பெய்த மறுநாள் ராத்திரி ஏழு மணியிலிருந்து பதினோரு மணி வரை வயலோரம் விளக்குப் பொறி வையுங்கள். பல்புக்கு அடியில் அகலமான சட்டியில் தண்ணீரும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் போதும். வெள்ளைச் சிறகில் பழுப்புக் கோடும், முன்விளிம்பில் மஞ்சள் பட்டையுமாக வந்து விழும். ஒரு வயலில் மட்டும் வைத்தால் ஊர்ப் பூச்சியெல்லாம் உங்களிடம் வரும். அக்கம்பக்கத்தாரையும் அதே ராத்திரியில் வைக்கச் சொல்லுங்கள்.

தப்பிய பூச்சி முட்டையிடுவது இலையின் அடிப்பக்கத்தில், கூட்டமாக. பொரித்த குஞ்சுப் புழுக்கள் ஓரிரு நாள் ஒரே இலையில் இருந்து பச்சையைச் சுரண்டும். அந்த இலை தூரத்திலிருந்தே சல்லடை போல் வெளுத்துத் தெரியும். அந்த இலையோடு கிள்ளி எடுத்துவிட்டால் நூற்றுக்கணக்கில் போச்சு. வயலைச் சுற்றி ஆமணக்கும், ஊடே தட்டைப்பயறும் விதைத்திருந்தால் முட்டை அதில்தான் முதலில் விழும், தேடும் இடமும் சுருங்கும். ரோமம் வளர்ந்து வரிசையாக நகர ஆரம்பித்தபின் பெரிதாக ஒன்றும் செய்வதற்கில்லை. வயலைச் சுற்றி ஓரடி ஆழக் குழி வெட்டி விழவைத்து அழிப்பதுதான் வழி.

8. ஆவணி, புரட்டாசி: விதையும் வரப்பும்

பயிர் நோயைத் தடுக்கும் நுண்ணுயிர்களை விதையில் தடவுங்கள்: விதைக்குக் கிலோவுக்குச் சூடோமோனாஸ் 10 கிராம், அல்லது டிரைக்கோடெர்மா விரிடி 4 கிராம். மண்ணில் போடுவதானால் ஏக்கருக்கு ஒரு கிலோவை 20 கிலோ மக்கிய எருவில் கலந்து, ஈரம் தெளித்து, நிழலில் சில நாள் வைத்துப் பின் வீசுங்கள். இவை உயிருள்ள சரக்கு. கடை வெயிலில் அடுக்கிவைத்த பாக்கெட்டை வாங்காதீர்கள். தயாரித்த தேதியும் காலாவதித் தேதியும் பாருங்கள், நாலைந்து மாதத்துக்கு மேல் பழசு வேண்டாம். ரசாயனப் பூஞ்சாணக்கொல்லி தடவிய விதையில் இதைத் தடவினால் காசு தண்டம். ஏக்கருக்கு நூறு கிலோ வேப்பம்புண்ணாக்கு கடைசி உழவில் போட்டால் கரையானும் வேர்ப்புழுவும் அடங்கும்.

வரப்பைச் சும்மா விடாதீர்கள். தட்டைப்பயறு, உளுந்து, எள், செண்டுமல்லி என்று கைக்குக் கிடைத்ததை ஊன்றுங்கள். நன்மை செய்யும் குளவிகளுக்குப் பூந்தேன் கிடைக்கும். பயறு உங்களுக்குக் கிடைக்கும். வரப்புக்குக் களைக்கொல்லி அடிக்கிறேன் என்று கூலிக்கு வருபவர் தானாகவே கேனைத் தூக்குவார், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மேல்மடைக்காரர் வயலில் அடித்த மருந்து தண்ணீரோடு உங்கள் வயலுக்குத்தான் வரும். அவர் அடிக்கும் நாளைக் கேட்டுவைத்து, அன்றைக்கு உங்கள் மடையை அடைக்கும்படி நீர்பாய்ச்சியிடம் சொல்லிவைப்பது சண்டை போடுவதைவிடப் பலன் தரும்.

நாற்று விட்டு நடுபவர்கள் நாற்றை முடியாக (கட்டாக)க் கட்டுமுன் நாற்றின் நுனியைக் கிள்ளிவிடுங்கள். தண்டைக் குடையும் குருத்துப்பூச்சியின் முட்டைக் குவியல் பழுப்பு ரோமம் போர்த்தி இலை நுனியில்தான் இருக்கும், நடவுக்கு முன்னாலேயே வெளியே போய்விடும். நடும்போது எட்டடிக்கு ஒரு முறை ஓரடி இடைவெளி பட்டம் விட்டால் காற்றும் வெளிச்சமும் அடித்தூருக்குப் போகும். அடித்தூரில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சிக்கு அது பிடிக்காது.

9. ஐப்பசி முதல் மார்கழி: பொறி, அட்டை, உங்கள் கண்

வாரம் இருமுறை, காலை பனி காயுமுன் வயலுக்குள் நடங்கள். பனித்துளி கோத்த சிலந்தி வலை நிறையத் தெரிந்தால் அன்றைக்கு நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. பத்துத் தூரைப் பிரித்துப் பாருங்கள். குருத்து காய்ந்தது பத்து சதவீதத்தைத் தொட்டால், அல்லது இலைச்சுருட்டு தூர் கட்டும் பருவத்தில் பத்து சதவீத இலைக்கு வந்தால்தான் கவலை. அதற்குக் கீழே இருக்கும் பூச்சி சிலந்திக்கும் தட்டானுக்கும் சோறு.

பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி ஆண் பூச்சியைப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி ஏக்கருக்கு ஐந்து. ஒன்று நூறு ரூபாயை ஒட்டி வரும். உள்ளே இருக்கும் குப்பி எந்தப் பூச்சிக்கு என்று பெயர் பார்த்து வாங்குங்கள். புரோடீனியாக் குப்பியை நெல்லில் தொங்கவிட்டால் குருத்துப்பூச்சி திரும்பிக்கூடப் பார்க்காது, ஆனாலும் கடையில் "எல்லாத்துக்கும் இதேதான் சார்" என்பார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை குப்பியை மாற்ற வேண்டும். மஞ்சள் ஒட்டுப்பொறிக்குக் காசு வேண்டாம்: பழைய எண்ணெய் டின்னுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து விளக்கெண்ணெய் தடவினால் போதும். பறவை உட்கார ஏக்கருக்குப் பதினைந்து, இருபது கவட்டைக் குச்சி நடுங்கள். கதிர் பால் பிடிக்கும்போது பிடுங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் அதே பறவை கதிரைக் கொத்தும்.

முட்டை ஒட்டுண்ணி அட்டைதான் (பூச்சி முட்டைக்குள் வளர்ந்து அதை அழிக்கும் குட்டிக் குளவிகள் உள்ள காகித அட்டை) இந்த வரிசையில் தேதி பிசகக் கூடாத சரக்கு. குருத்துப்பூச்சிக்கு டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம், இலைச்சுருட்டுக்குக் கைலோனிஸ். ஏக்கருக்கு இரண்டு சிசி (அட்டையில் ஒட்டிய முட்டையின் அளவு). நட்ட முப்பதாம் நாளை ஒட்டித் தொடங்கி வாரம் ஒரு முறை, குறைந்தது மூன்று முறை கட்ட வேண்டும். அட்டையில் கடுகைவிடச் சிறிய முட்டைகள் கறுப்பாக ஒட்டியிருக்கும். கறுப்பு என்றால் உள்ளே குளவி இருக்கிறது. முட்டையில் ஓட்டை விழுந்திருந்தால் குளவி வழியிலேயே பறந்துவிட்டது, வாங்காதீர்கள். வேளாண்மைத் துறையின் உயிரியல் கட்டுப்பாட்டு ஆய்வகங்களிலும் தனியாரிடமும் கிடைக்கும். கேட்டதும் எடுத்துக் கொடுக்க இருப்பில் இருக்காது, பத்து நாள் முன்னால் சொல்லிவையுங்கள். சிறு துண்டுகளாக வெட்டி, சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் பின் செய்யுங்கள். கட்டிய பிறகு ஒரு வாரத்துக்கு வேப்பெண்ணெய்கூட அடிக்காதீர்கள்.

10. தெளிப்பு: கடைசியில்தான்

ஐந்து சதவீத வேப்பங்கொட்டைச் சாறு: பருப்பு ஐந்து கிலோவை இடித்துத் துணியில் கட்டிப் பத்து லிட்டர் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவையுங்கள். காலையில் பால்போல் வரும்வரை பிழிந்து வடிகட்டி, நூறு லிட்டராக்கி, காதி சோப்பு நூறு முதல் இருநூறு கிராம் கரைத்துவிடுங்கள். ஏக்கருக்கு இருநூறு லிட்டர். மாலை நாலு மணிக்கு மேல் அடியுங்கள், வெயில் பட்டால் வேம்பின் வீரியம் சீக்கிரம் சிதையும். பிழிந்ததை மறுநாளைக்கு வைக்காதீர்கள். வடிகட்டும்போது சோம்பல்பட்டால் நாசில் அடைத்துக்கொண்டு மாலை முழுவதும் அதைக் குத்திக்கொண்டே போகும். பழைய வேட்டித் துணி இரண்டு மடிப்பு சரியாக இருக்கும்.

நொச்சி, எருக்கு, வேம்பு, ஆடாதோடை, ஊமத்தை என்று ஆடுமாடு தின்னாத இலைகளை நறுக்கி, கோமியத்தில் பத்துப் பதினைந்து நாள் ஊறவைத்த கரைசலும் விரட்டியாக வேலை செய்யும். ஊமத்தை நஞ்சு, கையில் உறை போடுங்கள், பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். பஞ்சகவ்யாவை மூன்று சதவீதத்தில் தெளித்தால் பயிர் தெளிச்சியாக வரும். அது வளர்ச்சிக்கு. புழு வந்தபின் அதை அடித்துவிட்டுக் காத்திருந்தால் புழுவும் நன்றாக வளரும்.

கடையில் 'பயோ' என்று பச்சை லேபிளோடு வருவதை நம்புமுன் புட்டியைத் திருப்பிப் பாருங்கள். பூச்சிக்கொல்லி என்று விற்கும் எதற்கும், உயிரியல் மருந்து உட்பட, மத்திய பூச்சிக்கொல்லி வாரியத்தின் பதிவெண் இருக்க வேண்டும். உள்ளே என்ன, எத்தனை சதவீதம், தொகுதி எண், காலாவதி எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். ஒன்றுமே இல்லாமல், அடித்த ஒரு மணி நேரத்தில் புழு சுருண்டு விழுகிறது என்றால், உள்ளே இருப்பது நீங்கள் விலக்க நினைத்த ரசாயனமாகவே இருக்கலாம். ரசீது வாங்காமல் எதையும் வாங்காதீர்கள், அடுத்து வரும் வேலைக்கும் ரசீது வேண்டும்.

11. சான்று வேண்டுமா?

ஊர்க்காரர்களுக்கும் உறவுக்கும் விற்பவர்களுக்குச் சான்று தேவையில்லை. கடைக்கும் வெளியூருக்கும் 'ஆர்கானிக்' என்று போட்டு விற்பதானால் வேண்டும். தமிழ்நாடு விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறையில் பதியலாம். எனக்குச் சொன்ன ஆண்டுக் கட்டணம் சிறு குறு விவசாயிக்கு 2,700 ரூபாய், மற்றவர்களுக்கு 3,200, குழுவுக்கு 7,200. கட்டுமுன் நடப்புக் கட்டணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். விண்ணப்பம் மூன்று நகல், பண்ணை விவரக் குறிப்பு, பண்ணை வரைபடம், ஆண்டுப் பயிர்த் திட்டம், மண், நீர் பரிசோதனை முடிவு, ஒப்பந்தம் மூன்று நகல், நில ஆவணம், பான் அட்டை நகல், இரண்டு புகைப்படம் கேட்பார்கள். மாசியில் எடுத்த மண் மாதிரி முடிவு இங்கே கைகொடுக்கும்.

நெல், கடலை போன்ற பயிருக்கு மாறுதல் காலம் இரண்டு வருஷம், தென்னை, மா போன்றவற்றுக்கு மூன்று. அந்தக் கணக்கு நீங்கள் ரசாயனத்தை நிறுத்திய நாளிலிருந்து தானாக ஓடாது. பொதுவாகப் பதிவு செய்தபின்தான் எண்ணுவார்கள். அதனால் 'முதலில் மண் தேறட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளினால் அத்தனை வருஷமும் கணக்கில் வராமல் போகலாம். செலவு கட்டாது என்பவர்கள் ஐந்து விவசாயிகளாவது சேர்ந்து, ஒருவரையொருவர் ஆய்வு செய்யும் பங்கேற்பு உத்தரவாத முறைக்குப் போகலாம். உள்நாட்டு விற்பனைக்கு அது போதும், ஏற்றுமதிக்கு ஆகாது.

ஆய்வுக்கு வருகிறவர் பயிரைப் பார்ப்பதற்கு முன் பண்ணைப் பதிவேட்டைக் கேட்பார். எந்தத் தேதியில் என்ன போட்டீர்கள், எங்கே வாங்கினீர்கள், எவ்வளவு அறுத்தீர்கள், யாருக்கு விற்றீர்கள் என்று அன்றன்றைக்கு எழுதியிருக்க வேண்டும். மொத்தமாக ஒரே பேனாவில், ஒரே நாளில் எழுதியது பார்த்தவுடன் தெரிந்துவிடும். பக்கத்து வயலில் மருந்தடிக்கிறார்கள் என்றால் அந்தப் பக்கம் எத்தனை அடி ஒதுக்கினீர்கள், அங்கே விளைந்ததைத் தனியாக வைத்தீர்களா என்றும் கேட்பார்கள். வரைபடத்திலேயே அந்த வரப்பைக் குறித்துக் காட்டிவிட்டால் அந்தக் கேள்வி சுருக்கமாக முடியும்.